சாரல் காலமும் சாலை மரியாதையும்

(குற்றாலப் பருவத்தையொட்டி, தென்காசியில் வாகன ஓட்டிகளிடமும் கல்லூரி மாணவர்களிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆனி பிறந்து மேற்கே மலை மேல் மேகம் இறங்கிவிட்டால், நம்ம ஊருக்கு விருந்தாளிகள் வரத்து கூடிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கு பார்த்தாலும் கூட்டம். தென்காசியிலிருந்து குற்றாலம் சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரில் நம்ம டி.என். 76 வண்டி ஓடும். சென்னை, கோவை, மதுரை வண்டிகள் ஓடும். புளியரை வழியாக இறங்கிவரும் கேரள வண்டிகளும் ஓடும். பேரருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை என்று சொன்னதும், அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் வேறு அருவியைத் தேடித் திரும்பும். அந்த நேரத்தில் சாலையில் நிற்கும்போது நம் வாயிலிருந்து வரும் வசனம் ஒன்று உண்டு: "ஃபாரின்ல எல்லாம் எப்படி ஓட்டுறான் பாருங்க, நம்ம ஆளுங்களுக்கு அது வராது."

இன்றைக்கு அந்த வசனத்தைத்தான் உங்களோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கப் போகிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சாலை மரியாதை பிறவியிலேயே வந்ததா? நமக்கு வராது என்பது உண்மையா?

முதலில் கணக்கு

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்கு: 64,105 விபத்துகள். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தகரக் கூடு இல்லாத மனிதர்கள்.

அதே ஆண்டில் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2,610 பேர். ஜப்பானின் மக்கள்தொகை நம் மாநிலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அவர்கள் இந்தக் கணக்கில் 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை மட்டும்தான் சேர்க்கிறார்கள். 30 நாள் வரை சேர்த்தாலும் நாலாயிரத்தைத் தொடாது.

"பார்த்தீங்களா, அதான் ஜப்பான்காரன்" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1970-ஆம் ஆண்டில் அதே ஜப்பானில் இறந்தவர்கள் 16,765 பேர். கிட்டத்தட்ட இன்றைய தமிழ்நாட்டின் எண்ணிக்கை. அந்தக் காலத்தை அவர்கள் 'போக்குவரத்துப் போர்' என்றே அழைத்தார்கள். அங்கிருந்துதான் இறங்கி வந்திருக்கிறார்கள்.

மரியாதை பழகினால் வரும்

இன்னும் ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கிறது. சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் ஒருவர் கடக்கக் காத்திருந்தால், ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்று அந்நாட்டு வாகன ஓட்டிகள் கூட்டமைப்பு ஆண்டுதோறும் சாலையில் நின்று எண்ணுகிறது. 2016-இல் நிறுத்தியவர்கள் எத்தனை சதவீதம் தெரியுமா? 7.6. பத்து வண்டியில் ஒன்றுகூட நிற்கவில்லை! பணிவுக்குப் பெயர்போன நாட்டில் நிலைமை அதுதான்.

அந்த முடிவை அவர்கள் மூடி மறைக்கவில்லை. மாகாணம் மாகாணமாகப் பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். போலீசார் கண்டிப்பைக் கூட்டினார்கள். 2023-இல் அது 45.1 சதவீதம் ஆனது. 2024-இல் 53. எட்டே ஆண்டுகள்தான். பல ஆண்டுகளாகப் பட்டியலில் முன்னால் நிற்கும் மாகாணம் நாகானோ. அங்கே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்ததும் திரும்பி நின்று, வண்டியை நிறுத்திய ஓட்டுநருக்குத் தலை குனிந்து நன்றி சொல்வது வழக்கம். ஒரு குழந்தை நன்றி சொன்னால், அடுத்த முறை நிறுத்தாமல் போக எந்த ஓட்டுநருக்கு மனசு வரும்?

சுவீடனையும் பாருங்கள். அங்கே எல்லோரும் நம்மைப் போல இடது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கத்துக்கு மாறலாமா என்று 1955-இல் மக்களிடம் கேட்டபோது, பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் அரசு பின்னர் முடிவெடுத்து, நீண்ட முன்னேற்பாடு செய்து, 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கு நாடு முழுவதையும் வலது பக்கத்துக்கு மாற்றியது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை ஒரே காலையில் மாறியது. "பழக்கத்தை மாத்த முடியாது" என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் நாட்டிலேயே மிசோரம் தலைநகர் ஐஸ்வால் இருக்கிறது. குறுகிய மலைச் சாலைகள், நிறைய வண்டிகள். ஆனால் அங்கே வரிசையை உடைத்து முந்துவதும் சும்மா ஹாரன் அடிப்பதும் அரிது. நமக்கும் அவர்களுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றுதான். ஓட்டுநர் உரிமமும் ஒன்றுதான்.

அதே ஆள், வேறு சாலை

நம்ம ஆட்களையே எடுத்துக்கொள்வோம். கடையநல்லூர் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள். அங்கே கார் ஓட்டும் அண்ணாச்சி யாரையாவது கேட்டுப் பாருங்கள். நடந்து போகிறவருக்குக் கடவையில் வழிவிடாவிட்டால் ஐக்கிய அரபு அமீரகத்தில் 500 திர்ஹாம் அபராதம், கூடவே 6 கரும்புள்ளி. 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். அதனால் அங்கே அவர் நிறுத்துகிறார். விடுமுறைக்கு ஊருக்கு வந்து சொந்தக்காரர் காரை எடுத்தால், தென்காசி ரத வீதியில் நிறுத்துகிறாரா?

புளியரை எல்லையிலும் இதைப் பார்க்கலாம். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் அபராதம் விதிக்கின்றன. செங்கோட்டை வரை மடியில் கிடந்த சீட் பெல்ட், கோட்டைவாசலைத் தாண்டும்போது தோளுக்கு ஏறிவிடும். வண்டி அதே வண்டி, ஆளும் அதே ஆள். எனவே "நமக்கு வராது" என்பது சரியில்லை. நமக்கு வரும். யாராவது பார்த்தால்தான் வருகிறது என்பதே நம் சிக்கல்.

யாரும் பார்க்காதபோதும் வருவதைத்தான் மரியாதை என்கிறோம். ஜெர்மனியின் சாலை விதிகளில் முதல் பிரிவே, சாலையைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் எப்போதும் எச்சரிக்கையோடும் பரஸ்பர அக்கறையோடும் நடக்க வேண்டும் என்கிறது. பிரிட்டனில் சாலை விதிக் கையேடு 1931-இல் முதன்முதலாக வந்தபோது விலை ஒரு பென்னி. 2022 ஜனவரியில் அதைத் திருத்தியபோது ஒரு வரிசையைச் சேர்த்தார்கள்: யாருடைய வண்டியால் அதிகக் கேடு விளையக்கூடுமோ, அவருக்குத்தான் அதிகப் பொறுப்பு. நம்ம சாலையில் பெரிய வண்டிக்கு முதல் உரிமை என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பிரிட்டனின் விதி.

ஒரே சைகை, நூறு அர்த்தம்

சாலையில் நாம் வாயால் பேசுவதில்லை. விளக்காலும் ஹாரனாலும்தான் பேசுகிறோம். அந்தப் பேச்சு எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிகிறதா?

எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒரு தடவை மின்ன வைக்கிறார். பிரிட்டன் கையேட்டின்படி அதற்கு ஒரே பொருள்தான்: "நான் இங்கே இருக்கிறேன்." நடைமுறையில் அங்கே பலர் "நீங்க முதல்ல வாங்க" என்பதற்கும் அதையே செய்கிறார்கள். நம்ம ஊரில்? "நான் வர்றேன், நீ நில்லு!" இரண்டு பேர் இரண்டு பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது, ஜப்பானில் வழிவிட்டவருக்கு நன்றி சொல்லும் வழக்கம். நம்மில் பலர் சந்திப்பில் "நேராகப் போகிறேன்" என்று சொல்லவும், மழை பெய்தால் ஓடிக்கொண்டே இருக்கும்போதும் அதைப் போடுகிறோம். வண்டி பழுதாகி நிற்கும்போது போடத்தான் அது இருக்கிறது. ஓடும்போது போட்டால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. சாரல் மழையில் கண்ணாடி மங்கியிருக்கும்போது இது இன்னும் ஆபத்து.

லாரியின் வலது இண்டிகேட்டர் இன்னொரு புதிர். சிலர் "முந்திக்கோ" என்று போடுவார்கள். சிலர் "எதிரே வண்டி வருது, முந்தாதே" என்று போடுவார்கள். சிலர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போவார்கள். பின்னால் பைக்கில் வருகிற பையன் எதை நம்புவான்? இண்டிகேட்டருக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்: நான் இந்தப் பக்கம் போகிறேன். பல ஊர், பல மாநில வண்டி கலக்கும் குற்றாலச் சாலையில் ஊர்ச் சைகை உதவாது. விதிப் புத்தகச் சைகைதான் எல்லோருக்கும் புரியும்.

ஹாரனும் அப்படித்தான். ஜப்பானில் ஹாரன் சத்தம் கேட்பதே அபூர்வம். ஆனால் அங்கேயும் மலைச் சாலையில் எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுகளில் "ஹாரன் அடிக்கவும்" என்று பலகை இருக்கிறது. அந்த இடத்தில் ஹாரன்தான் மரியாதை. "நான் வருகிறேன், கவனம்" என்று கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குச் சொல்கிறோம். ஐந்தருவிச் சாலையில் நூறு வண்டி நகராமல் நிற்கும்போது அடிக்கும் ஹாரன் யாருக்கு என்ன சொல்கிறது? முன்னால் நிற்பவருக்கும் பறக்கத் தெரியாது.

மலை ஏறுபவருக்கு முதலிடம்

புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை ஏறும் பாதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 'எஸ்' வளைவு என்றால் ஓட்டுநர்களுக்குக் கை தானாகக் கியரைத் தேடும். நம்ம பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கத்துக் காய்கறியும் மற்றச் சரக்கும் ஏற்றிய லாரிகள் கேரளாவுக்கு ஏறுகின்றன. சாரல் காலத்தில் குற்றாலம் வரும் கேரள வண்டிகள் எதிரே இறங்குகின்றன. கார்த்திகை, மார்கழியில் இதே பாதையில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள், பாதி இரவில், தூக்கம் கெட்ட ஓட்டுநர்களோடு.

நம் நாட்டு விதி தெளிவாக இருக்கிறது. மலைப்பாதையில் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க இடம் போதாவிட்டால், இறங்கும் வண்டி ஓரமாக நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். பிரிட்டன் கையேடும் இதையே சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் செங்குத்தான பாதைகளிலும் பொதுவாக இதுவே விதி. காரணம் எளிது. பாரம் ஏற்றி ஏறுகிற வண்டி பாதியில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். பின்னோக்கி உருளவும் கூடும். இறங்குபவர் பிரேக்கை மிதித்தால் போதும்.

சுவிட்சர்லாந்தில் அஞ்சல் பேருந்து என்று மஞ்சள் நிறப் பேருந்துகள் மலைக் கிராமங்களுக்கு ஓடுகின்றன. அவை வளைவுக்கு முன் மூன்று சுரத்தில் ஹாரன் ஒலிக்கும். அதற்கெனப் பலகை வைத்த மலைச் சாலைகளில், அந்தப் பேருந்தின் ஓட்டுநர் கைகாட்டினால் மற்றவர்கள் அதன்படி ஒதுங்கவோ பின்னால் எடுக்கவோ வேண்டும். பாதையை நன்கு அறிந்தவர் சொல்வதைக் கேட்பது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. நம்ம 'எஸ்' வளைவிலும் நீளமான லாரி திரும்பும்போது எதிர்ப்பக்கச் சாலையும் அதற்குத் தேவைப்படும். வளைவுக்கு முன்பே நின்று, "வாங்க அண்ணாச்சி" என்று கை காட்டினால் உங்களுக்கு ஒரு நிமிடம்தான் போகும். மூக்கை நுழைத்தால் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போகும்.

இரவில் எதிரே வண்டி வந்தால் ஹை பீமை இறக்குவதும் இதில் சேர்ந்ததுதான். "அவன் டிம் பண்ணட்டும், நான் பண்றேன்" என்று காத்திருந்தால், கண் கூசிய அவர் வந்து மோதப்போவது நம் மேல்தான்.

ஆம்புலன்சுக்கு வழி

ஜெர்மனியில் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து செல்லத் தொடங்கியதுமே, ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்காமல், இடக்கோடி வரிசை இடப்பக்கமும் மற்ற வரிசைகள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு பாதையைத் திறந்து வைக்க வேண்டும். இது சட்டம்.

இந்த விஷயத்தில் நாம் மோசமில்லை. 108 சத்தம் கேட்டால் நம்ம ஆட்கள் பதறி ஒதுங்குவார்கள். பைக்கில் வந்தவர் இறங்கி நின்று போக்குவரத்தைச் சரிசெய்வார். ஆனால் குற்றாலச் சாலையில் இரண்டு ஓரத்திலும் காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டால், ஒதுங்க இடம் எங்கே? ஓட்டும்போது காட்டும் மரியாதை நிறுத்தும்போதும் வேண்டும். அவசர ஊர்திக்கு வழிவிடாமல் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய சேவைகள்

சாலை மரியாதைக்கு அரசு தரும் துணைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை அரசின் செலவில் கிடைக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் காயமடைந்த வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இது பொருந்தும். குற்றாலத்துக்கு வந்த விருந்தாளிக்கும் உண்டு.

"உதவப் போனா கேஸ்ல மாட்டிக்குவோம்" என்ற பயம் வேண்டாம். 2019-இல் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

காரணமில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதமோ சிறையோ உண்டு. 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்று ஆண்டு வரை சிறையும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

சாலையில் பள்ளம் இருந்தால் நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படம் எடுத்துப் போடலாம். 'முதல்வரின் முகவரி' உதவி எண் 1100-இலும் சொல்லலாம்.

பழகுநர் உரிமம், புதுப்பித்தல், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்குப் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் ஓட்டப் போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுச் செல்லுங்கள். அது ஓராண்டு செல்லும். போகும் நாடு எந்தப் பக்கம் ஓட்டுகிறது, அங்கே முதல் உரிமை யாருக்கு என்பதையும் படித்துவிட்டுப் போங்கள்.

அருவியில் இருக்கும் மனசு

நிறைவாக ஒன்று. பேரருவியில் குளிக்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் தண்ணீருக்கடியில் நிற்க ஆசை. ஆனாலும் ஒரு பெரியவர் தட்டுத் தடுமாறி வந்தால், முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து உள்ளே விடுவார். "கொஞ்சம் தள்ளுங்க, தாத்தா நிக்கட்டும்" என்பார். அங்கே சிக்னலும் இல்லை, அபராதமும் இல்லை. அப்படி வழிவிட்ட அதே ஆள்தான், துண்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுக் காரில் ஏறியதும் ஹாரனில் கை வைக்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் எதிரே இருப்பவர் மனிதராகத் தெரிவதில்லை, வண்டியாகத் தெரிகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்ம காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பெயரில் அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து. ஒரு மன்னர், தான் ஒருபோதும் பார்க்கப் போகாத மனிதர்களை முன்கூட்டியே வணங்கியிருக்கிறார். சாலை மரியாதையும் அப்படிப்பட்டதுதான். நாம் வழிவிடும் ஆளின் பெயர் நமக்குத் தெரியாது. மறுபடி பார்க்கவும் போவதில்லை.

இந்தப் பருவத்தில் மூன்றே மூன்று பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து வருபவர் சாலையைக் கடக்க நின்றால் வண்டியை நிறுத்துங்கள். மலையில் இறங்கும்போது ஏறுபவருக்கு வழிவிடுங்கள். யாராவது உங்களுக்கு வழிவிட்டால் கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள். ஜப்பானியர்கள் எட்டு ஆண்டில் ஏழிலிருந்து ஐம்பதைத் தாண்டினார்கள். நாம் இந்த ஆடியில் தொடங்குவோம்.

நல்லபடியாக வாருங்கள், நல்லபடியாகக் குளியுங்கள், நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்.